விலைவாசியும் வீட்டுக்கணக்கும்

தென்கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டி அமைந்துள்ள லேக் மார்க்கெட் பகுதி, அந்நகரத் தமிழர்களுக்கு நெடுங்காலமாக அறிமுகமான இடம். முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் தேடி, வேறு பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தார்கூட இங்கு வருவர். அவர்கள் வீடு திரும்பும்போது கையிலுள்ள பை ஒரு சிறிய உலகப்படத்தை ஒத்திருக்கும். அதிலுள்ள உருளைக்கிழங்கு ஹூக்ளி மாவட்டத்து வயலில் விளைந்தது. வெங்காயம் மகாராட்டிரத்து நாசிக்கிலிருந்து சரக்குந்தில் வந்தது. காபித்தூளின் கொட்டை குடகு மலையில் காய்த்தது. சமையல் எண்ணெய்ப் புட்டியில் இருப்பது இந்தோனேசியத் தோட்டத்துப் பனையின் எண்ணெயாகவும் இருக்கலாம். இவற்றுள் எந்த ஊரில் மழை பொய்த்தாலும், எந்தக் கடல்வழி அடைபட்டாலும், அதன் விளைவு சில வாரங்களில் லேக் மார்க்கெட்டுத் தராசின்மேல் வந்து அமர்ந்துவிடும்.

2024ஆம் ஆண்டில் வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி நிலவியது. உலகக் காபி விளைச்சலில் முதலிரண்டு இடங்களில் நிற்கும் நாடுகள் இவை. உலகச் சந்தையில் காபிக்கொட்டையின் விலை அதுவரை காணாத உயரத்தை எட்டியது. குடகிலும் சிக்மகளூரிலும் விளைந்த கொட்டைக்கும் அதே விலைதான் கேட்கப்பட்டது. காலையில் வடிகட்டியில் இறங்கும் காபிக்கு அதனால் கொல்கத்தாத் தமிழ்க் குடும்பமும் கூடுதலாகப் பணம் கொடுக்க நேர்ந்தது. எங்கோ பெய்யாத மழைக்கு இங்கே கொடுக்கப்பட்ட விலை அது.

ஆயினும், காபித்தூளின் விலை மட்டும் ஏறுவதைப் பணவீக்கம் என்று பொருளியலார் கூறுவதில்லை. காபி விலை ஏறிய அதே மாதத்தில் தக்காளி விலை இறங்கியிருக்கக்கூடும். அரிசி, பருப்பு, பேருந்துக் கட்டணம், வீட்டு வாடகை, மருந்து, பள்ளிச் சீருடை எனப் பெரும்பாலான பொருள்களின் விலையும் பணிகளின் கட்டணமும் பொதுவாகவும் தொடர்ச்சியாகவும் உயர்ந்துகொண்டே செல்லும் நிலையே பணவீக்கம் ஆகும். வேறு வகையில் கூறினால், பொருள்கள் பெரிதாகவில்லை, பணம் சிறுத்துவிட்டது. வங்காளப் பாடநூல்களில் இதற்கு வழங்கும் சொல் முத்ராஸ்பீதி. முத்ரா என்பது நாணயம். ஸ்பீதி என்பது வீக்கம். இரு மொழிகளும் ஒரே உருவகத்தையே கையாள்கின்றன. உடம்பில் வீக்கம் கண்டால் அது வளர்ச்சி அன்று என்பதை இரு மொழியாரும் அறிவர்.

ஆண்டுக்கு 6 விழுக்காடு விலையேற்றம் என்றால் கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். 100 ரூபாய்க்குக் கிடைத்த பொருள் அடுத்த ஆண்டு 106 ரூபாய். அதற்கடுத்த ஆண்டு 6 விழுக்காடு என்பது 106 ரூபாயின்மேல் கணக்கிடப்படும். எனவே 112 ரூபாய் 36 காசு. கூட்டுவட்டியைப் போல இது வளர்கிறது. முதல் வகுப்பில் சேரும் ஒரு குழந்தை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் 12 ஆண்டுகளில் அந்தப் பொருளின் விலை 201 ரூபாயாகிவிடும். அதாவது, குழந்தை பிறந்தபோது பாட்டி உண்டியலில் இட்ட நூறு ரூபாய்த் தாள், பேரப்பிள்ளை பள்ளியை விட்டு வெளியேறும் வேளையில் ஐம்பது ரூபாய்க்கும் குறைவான பொருளையே வாங்கும்.

செய்தித்தாள்களில் 'பணவீக்கம் குறைந்தது' என்று தலைப்பு வரும்போது பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். பணவீக்கம் 6 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுக்கு இறங்கினால் விலைகள் இறங்கிவிட்டன என்பது பொருளன்று. 106 ரூபாயாக இருந்த பொருள் 108 ரூபாய்க்கு ஏறியிருக்கிறது. முன்பைவிட மெதுவாக ஏறியிருக்கிறது, அவ்வளவே. தொடர்வண்டி வேகம் குறைவதற்கும் பின்னோக்கிச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

விலையை அளப்பது எவ்வாறு?

ஒரு நாடு முழுவதும் விலை எவ்வளவு ஏறியது என்று எப்படிக் கண்டறிவது? இக்கேள்விக்கும் கொல்கத்தாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1931ஆம் ஆண்டு பிரசாந்த சந்திர மகலனோபிசு இந்நகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது நகரின் வடக்கே பராநகரில் நிலைகொண்டது. எல்லா வீடுகளையும் கேட்டறிய இயலாது. ஆனால், முறையாகத் தேர்ந்தெடுத்த சில வீடுகளைக் கேட்டால் போதும் என்னும் மாதிரிக் கணக்கெடுப்பு முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் அவர். சோற்றுப் பானையில் ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பதைப் போன்ற முறை அது. பானையை நன்றாகக் கிளறிய பின்னரே பருக்கையை எடுக்க வேண்டும் என்பதில்தான் புள்ளியியலின் நுட்பம் அடங்கியுள்ளது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்தியக் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்பதைப் பதிவு செய்யலாயிற்று.

அச்செலவுக் கணக்கிலிருந்து ஒரு கற்பனைக் கூடை உருவாக்கப்படுகிறது. அதில் அரிசி இவ்வளவு, பால் இவ்வளவு, விறகு அல்லது எரிவாயு இவ்வளவு, மருத்துவம் இவ்வளவு என ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை வழங்கப்படும். அக்கூடையின் மொத்த விலை மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. இதுவே நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு பல ஆண்டுகள் வெளியிடப்பட்ட குறியீட்டில் உணவு, பானங்கள் ஆகியவற்றின் எடை 45.86 விழுக்காடு. சிற்றூர்களுக்கு மட்டும் கணக்கிட்டால் அது 54.18, நகரங்களுக்கு 36.29. சிற்றூர்க் குடும்பம் அன்று தன் செலவில் பாதிக்கு மேல் உணவுக்கே கொடுத்தது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆகவே காய்கறி விலை உயரும் மாதத்தில் இரு குடும்பங்களும் ஒரே செய்தியைப் படித்தாலும், ஒரே அளவு வருந்துவதில்லை. அறிவிக்கப்படும் விழுக்காடு ஒரு சராசரி. அச்சராசரிக் குடும்பம் எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை.

அகவிலைப்படி

மைய அரசின் அலுவலகங்கள் கொல்கத்தாவில் மிகுதி. கிழக்கு இரயில்வேயும் தென்கிழக்கு இரயில்வேயும் இங்கிருந்தே இயங்குகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமையகமும் தேசிய நூலகமும் இங்கு உள்ளன. இவற்றில் பணியாற்றும் பெற்றோரின் பிள்ளைகள், வீட்டில் 'டி.ஏ. ஏறிவிட்டது' என்னும் பேச்சைக் கேட்டிருப்பர். தமிழில் இதற்கு அகவிலைப்படி என்று பெயர். அகவிலை என்பது தானியத்தின் விலையைக் குறிக்கும் பழஞ்சொல். தானிய விலைக்கு ஈடாகக் கொடுக்கப்படும் படி என்று அப்பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்து, ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி முதலும் ஜூலை முதலும் நடைமுறைக்கு வருமாறு இப்படி உயர்த்தப்படுகிறது. 2024 ஜனவரியில் அது அடிப்படை ஊதியத்தில் 50 விழுக்காட்டை எட்டியது. அடிப்படை ஊதியம் 40,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு அகவிலைப்படி மட்டும் 20,000 ரூபாய். விலை ஏறிய பின்னரே படி ஏறும் என்பதால் சில மாத இடைவெளி இருக்கவே செய்யும். சில வேளைகளில் அது நின்றுபோவதும் உண்டு. கொரோனாப் பெருந்தொற்றின்போது 2020 ஜனவரி முதல் மூன்று தவணைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2021 ஜூலையில் படி 17 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாக உயர்த்தப்பட்டபோது, இடைப்பட்ட காலத்து நிலுவை வழங்கப்படவில்லை. எனினும், குடைக்குள் சாரல் அடித்தாலும் குடை என்று ஒன்று இருக்கிறது.

அதே வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்மணிக்கு அந்தக் குடை இல்லை. தெற்கு 24 பர்கனா மாவட்டத்திலிருந்து விடியற்காலைப் புறநகர் வண்டியில் ஏறிக் கொல்கத்தாவின் வீடுகளுக்கு வேலைக்கு வருவோர் பல்லாயிரவர். அவர்களுடைய ஊதியத்தை எந்தக் குறியீட்டெண்ணும் உயர்த்துவதில்லை. அவர்களே வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பூசைக் காலத்துக்கு முன்போ பின்போ கேட்பர். கேட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சமும் உடன் இருக்கும். ஒரே சமையலறையில் நிற்கும் இருவருக்கு ஒரே விலையேற்றம் இருவேறு நிகழ்ச்சிகளாகிறது. விலை எவ்வளவு ஏறியது என்பது பாதிக் கேள்விதான். அவரவர் வருவாய் அதனுடன் ஏறியதா என்பதே மறுபாதி. அந்த மறுபாதியை மறந்தால் என்ன நேரும் என்பதை இந்நகரம் ஒருமுறை தன் தெருக்களிலேயே கண்டது.

1943

1942ஆம் ஆண்டு பர்மாவைச் சப்பான் கைப்பற்றியது. அங்கிருந்து வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. எதிரியின் கையில் சிக்கலாகாது என்று கடலோர வங்காளத்தில் படகுகளையும் நெல் இருப்பையும் ஆங்கில அரசு அப்புறப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் மேதினிபூரைப் புயல் தாக்கியது. மாகாணங்களுக்கு இடையே தானியம் செல்வதற்குத் தடைகள் எழுந்தன. மறுபுறம், போர்ச் செலவுக்காகப் பணத்தாள் பெருமளவில் அச்சிடப்பட்டது. கல்கத்தாவில் படைத்தளங்களும் ஆலைகளும் பெருகின. கட்டுமானப் பணிகள் பெருகின. கூலி பெற்றோர் கையில் பணம் புரண்டது. இருக்கும் அரிசியைத் துரத்தும் பணம் கூடிக்கொண்டே போயிற்று. இனியும் விலை ஏறும் என்று எண்ணிய வணிகர் அரிசியைப் பதுக்கினர். பதுக்கியதால் விலை மேலும் ஏறியது.

1942 டிசம்பர் 11 அன்று கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசியின் மொத்த விலை 13 ரூபாய்க்கும் 14 ரூபாய்க்கும் இடைப்பட்டிருந்தது. ஒரு மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. 1943 மார்ச்சில் அது 21 ரூபாய். மே மாதத்தில் 30 ரூபாய்க்கு மேல். ஆகஸ்ட் 20 அன்று 37 ரூபாய். எட்டு மாதங்களுக்கு முன்பு 37 கிலோ வாங்கிய பணம் இப்போது 14 கிலோவைத்தான் வாங்கியது. சிற்றூர்களில் அதைவிடக் கொடிய விலை விற்றது.

இதனால் யார் மடிந்தனர் என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்களும் அரசு ஊழியர்களும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டனர். போருக்கு இன்றியமையாதோர் எனக் கருதப்பட்ட அவர்களுக்கு, வேலை கொடுத்தோர் வழியாகக் குறைந்த விலையில் தானியம் வழங்கப்பட்டது. மடிந்தோர் சிற்றூர்களின் நிலமற்ற கூலியாள்கள், மீனவர், கைவினைஞர், முடிதிருத்துவோர் ஆகியோர். முடிதிருத்துவோரின் நிலை இதனை நன்கு விளக்கும். அரிசி விலை ஏறும்போது மக்கள் முதலில் குறைத்துக்கொள்ளும் செலவுகளுள் முடிவெட்டும் செலவும் ஒன்று. ஆகவே அவர்களுக்கு வேலை குறைந்தது. அதே வேளையில் அரிசி விலை மூன்று மடங்கை நெருங்கியது. முன்பு சிலருக்கு முடி திருத்தி ஈட்டிய அரிசியை ஈட்ட, இப்போது பன்மடங்கினருக்குத் திருத்த வேண்டும். திருத்திக்கொள்ளவோ ஆளில்லை.

பட்டினியால் வாடியோர் கூட்டங்கூட்டமாகக் கல்கத்தாவுக்கு நடந்து வந்தனர். அவர்கள் வீட்டு வாயில்களில் நின்று சோறு கேட்கவில்லை. சோறு வடித்த கஞ்சியைக் கேட்டனர். வங்காளத்தில் அதற்கு ஃபேன் என்று பெயர். அக்காலத்தை நினைவுகூரும் முதியோர் இன்றும் அந்தக் குரலைத்தான் முதலில் குறிப்பிடுவர். ஓவியர் சைனுல் ஆபெதீன் அந்தத் தெருக்காட்சிகளை மையினால் தீட்டிவைத்தார். அரசு அமைத்த பஞ்ச விசாரணைக் குழு, மாண்டோர் தொகை 15 இலட்சம் என்று கணித்தது. பிற்கால ஆய்வாளர் சிலர் அது 30 இலட்சம் வரை இருக்கும் என்பர்.

சாந்திநிகேதனில் அப்போது ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பசித்தோர் நடந்து சென்றதைப் பார்த்தான். அமர்த்தியா சென் என்னும் அச்சிறுவன் பிற்காலத்தில் பொருளியல் அறிஞராகி, 1981இல் வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1943இல் வங்காளத்தில் கிடைத்த அரிசி முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே குறைவு என்றும், பஞ்சம் இல்லாத 1941ஆம் ஆண்டைவிட அது கூடுதல் என்றும் அவர் கணக்கிட்டார். இக்கணக்கை ஏற்காத ஆய்வாளரும் உளர். ஆனால், அவர் எழுப்பிய வினா நிலைத்துவிட்டது. ஊரில் உணவு இருக்கிறதா என்பது மட்டும் போதாது. அதைப் பெறும் ஆற்றல் ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 1998இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பத்தாண்டுகள் கழித்து, 1953 ஜூலையில், அப்போது ஆங்கிலேயர் உடைமையாக இருந்த டிராம் நிறுவனம் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு காசு உயர்த்தியது. ரூபாய்க்கு 64 காசு வழங்கிய காலம் அது. ஒரு காசுக்காக நகரமே தெருவில் இறங்கியது. மறியல், வேலைநிறுத்தம், தடியடி, கைது என ஒரு மாதம் கொந்தளிப்பு நீடித்தது. கட்டண உயர்வு நிறுத்தி வைக்கப்பட்ட பின்னரே டிராம்கள் அமைதியாக ஓடின. இது மிகையான சினம் என்று சிலருக்குத் தோன்றலாம். பஞ்சத்தையும் நாட்டுப் பிரிவினையையும் அடுத்தடுத்துக் கண்ட மக்களுக்கு ஒரு காசு என்பது ஒரு காசு மட்டும் அன்று.

கடையும் ஆலையும்

விலை ஏறினால் வணிகருக்குக் கொண்டாட்டம் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. எல்லா வணிகருக்கும் அது பொருந்தாது. தெருமுனையில் புச்கா விற்பவரை எடுத்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, புளி, எண்ணெய் ஆகிய அனைத்தும் அவருக்குச் செலவு. அவை ஏறும்போது அவரும் விலையை ஏற்றலாம். ஆனால், பத்து ரூபாய் என்பது வாடிக்கையாளர் மனத்தில் ஆழப் பதிந்த விலை. பதினோரு ரூபாய் என்றால் சில்லறைச் சிக்கலும் வரும். எனவே அவர் விலையை மாற்றாமல் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பார். இனிப்புக் கடையில் சந்தேசு சற்றே சிறுக்கும். ஐந்து ரூபாய்ப் பிசுக்கோத்துப் பொட்டலத்தின் படம் மாறாது. எடை மட்டும் சில கிராம் குறைந்திருக்கும். பொட்டலத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டுள்ள நிகர எடையைப் படிப்போர் சிலரே. இதுவும் விலையேற்றமே, ஓசையின்றி வருவது.

பெரிய ஆலைகளுக்கு வேறு வகைச் சிக்கல். ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் சணல் ஆலைகள் உள்ளன. அவை நெய்யும் சாக்குகளின் பெரும்பகுதியை உணவு தானியங்களைக் கட்டுவதற்காக அரசே வாங்கிக்கொள்கிறது. அதற்குரிய விலையையும் அரசே வரையறுக்கிறது. 2021 செப்டம்பர் இறுதியில், மூலச்சணலின் விலை கட்டுக்கடங்காமல் ஏறுவதைத் தடுக்கக் குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என்று உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. ஆனால், அந்த விலைக்குச் சணலை விற்க முன்வந்தோர் குறைவு. வரம்புக்கு மேல் வாங்கினால் விதிமீறல். வாங்காவிட்டால் தறி ஓடாது. சில ஆலைகள் கதவடைத்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். 2022 மே மாதம் அவ்வரம்பு நீக்கப்பட்டது. விலையைச் சட்டத்தால் கட்டிவைக்க முயல்வோர், பொருள் சந்தையை விட்டு மறைந்துவிடும் இடர்ப்பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக அரசு எதுவுமே செய்யாமல் இருக்கலாமா என்றால், 1943 அதற்கு விடை கூறும்.

வட்டி என்னும் கடிவாளம்

இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் முதல் நாளன்று பணியைத் தொடங்கியபோது அதன் தலைமையகம் கல்கத்தாவில்தான் இருந்தது. 1937இல் பம்பாய்க்கு மாறியது. பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இரண்டு விழுக்காடு கூடக்குறைய இருக்குமாறு, காக்கும் பொறுப்பு 2016ஆம் ஆண்டு முதல் அவ்வங்கிக்குச் சட்டப்படி உண்டு. அதன் கையிலுள்ள முதன்மையான கருவி ரெப்போ வட்டி. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் வட்டி விகிதம் அது.

2022 பிப்ரவரியில் ரசியா உக்ரைனுக்குள் படை நடத்தியதும் கச்சா எண்ணெய், கோதுமை, சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தியது. தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவில் அவ்வாண்டு ஏப்ரல் மாதப் பணவீக்கம் 7.79 விழுக்காட்டைத் தொட்டது. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக உயர்த்தி 2023 பிப்ரவரியில் 6.5 ஆக்கியது. கடன் வாங்குவது கடினமானால் மக்கள் செலவைத் தள்ளிப்போடுவர். பொருள்களைத் துரத்தும் பணம் குறையும். விலையேற்றம் தணியும் என்பது இதன் அடிப்படை.

இதன் சுமையும் வீட்டுக்குத்தான் வருகிறது. எடுத்துக்காட்டாக, 30 இலட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கடனாகப் பெற்று வீடு வாங்கிய குடும்பம், 7 விழுக்காடு வட்டியில் மாதம் ஏறத்தாழ 23,260 ரூபாய் தவணை கட்டும். வட்டி 9.5 விழுக்காடானால் தவணை ஏறத்தாழ 27,960 ரூபாய். தவணையை உயர்த்தாமல் ஆண்டுகளை நீட்டிக்கும் வங்கிகளும் உண்டு. அப்போது ஓய்வுபெற்ற பின்னரும் கடன் தொடரும். மறுபுறம், வைப்புத்தொகையின் வட்டியில் வாழும் தாத்தாவுக்கு வட்டி உயர்வு நல்ல செய்தி. பணவீக்கம் 7 விழுக்காடாக இருக்கையில் வங்கி 5.5 விழுக்காடு கொடுத்தால், அவருடைய ஒரு இலட்சம் ரூபாய் ஓராண்டில் 1,05,500 ஆகும். ஆனால், அதே பொருள்களை வாங்க 1,07,000 ரூபாய் வேண்டும். வங்கிப் புத்தகத்தில் எண் வளர்ந்திருக்கும், செல்வம் தேய்ந்திருக்கும்.

வட்டியால் மழையை வரவழைக்கவோ நிறுத்தவோ இயலாது. இக்கடிவாளத்தின் எல்லை அது. உருளைக்கிழங்கின் கதையைப் பார்த்தால் இது தெளிவாகும்.

உருளைக்கிழங்கின் ஓராண்டு

வங்காளத்தார் உருளைக்கிழங்கு இல்லாத சமையலை எண்ணிப் பார்ப்பதில்லை. கொல்கத்தாப் பிரியாணியிலேயே ஒரு முழுக் கிழங்கு இருக்கும். உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் மிகுதியாக உருளைக்கிழங்கு விளைவது மேற்கு வங்காளத்தில்தான். ஹூக்ளி, பர்தமான், பாங்குரா, மேதினிபூர் வயல்களில் நவம்பரில் கிழங்கு நடப்படும். விதைக்கிழங்கின் பெரும்பகுதி பஞ்சாபிலிருந்து வரும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அறுவடை. எல்லா வயல்களிலும் ஒரே வேளையில் கிழங்கு தோண்டப்படுவதால் அப்போது விலை தாழ்ந்திருக்கும். கடனை அடைக்க வேண்டிய சிறு உழவர் அந்த விலைக்கே விற்றுவிடுவர். காத்திருக்கும் வசதி உள்ளோர் குளிர்பதனக் கிடங்குகளில் மூட்டைகளை அடுக்கிவைப்பர். ஆண்டின் எஞ்சிய மாதங்களில் கொல்கத்தா உண்பது அந்தக் கிடங்குக் கிழங்கைத்தான்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்சாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. கொல்கத்தாத் தமிழர் பலரும் சென்னையிலுள்ள உறவினரைத் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்ட நாள்கள் அவை. அதே புயலின் தொடர்மழை சில நாள்களில் ஹூக்ளி, பர்தமான் பகுதிகளிலும் பெய்தது. அப்போதுதான் நடப்பட்டிருந்த கிழங்குகள் நீர் தேங்கிய வயல்களில் அழுகின. பல உழவர் மறுபடியும் விதை வாங்கி நட்டனர். நடவு தாமதமாயிற்று, விளைச்சல் குறைந்தது.

2024 கோடையில் விலை ஏறத் தொடங்கியது. மாநிலத்துக்குள் விலையைத் தணிக்க எண்ணிய அரசு, பிற மாநிலங்களுக்குக் கிழங்கு செல்வதைக் கட்டுப்படுத்தியது. எல்லைகளில் சரக்குந்துகள் நிறுத்தப்பட்டன. இதனை எதிர்த்து ஜூலையில் கிழங்கு வணிகர் சில நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கிடங்குகளிலிருந்து மூட்டைகள் வெளிவரவில்லை. விலையைக் குறைக்க எடுத்த நடவடிக்கையைத் தொடர்ந்து கொல்கத்தாச் சந்தைகளில் விலை மேலும் ஏறியது. அரசின் சுபல் பாங்ளா விற்பனை நிலையங்களில் குறைந்த விலைக்கு வாங்க மக்கள் திரண்டனர். மேற்கு வங்காளக் கிழங்கை நம்பியிருந்த ஒடிசாவிலோ தட்டுப்பாடு. அம்மாநிலம் உத்தரப்பிரதேசத்தை நாடியது. பேச்சுவார்த்தைக்குப் பின் வேலைநிறுத்தம் முடிவுற்றது.

அவ்வாண்டு கிழங்குக்கு மக்கள் கொடுத்த உயர்ந்த விலை உழவரைச் சென்று சேர்ந்ததா? அறுவடையின்போதே விற்றுவிட்டவரை அது சேரவில்லை. மார்ச்சில் மூட்டையை விற்ற உழவர், ஆகஸ்டில் தம் வீட்டுச் சமையலுக்கே சந்தையில் கிழங்கை விலைகொடுத்து வாங்கியிருக்கக்கூடும். மார்ச்சு விலைக்கும் ஆகஸ்டு விலைக்கும் இடையே கிடங்கு வாடகை, ஏற்றுகூலி, போக்குவரத்து, கழிவு, வணிகரின் ஆதாயம் ஆகியவை நிற்கின்றன. அவற்றுள் எது நேர்மையான செலவு, எது மிகையான ஆதாயம் என்பது சட்டமன்றம் முதல் தேநீர்க்கடை வரை ஆண்டுதோறும் வாதிடப்படும் பொருள்.

விலை உயர்ந்த ஆண்டைக் கண்டு மறு ஆண்டு மேலும் பலர் கிழங்கு நடுவர். வானிலையும் துணைநின்றால் விளைச்சல் குவியும், விலை சரியும், சந்தைக்கு நகரத்தார் மகிழ்ச்சியுடன் செல்லும் அதே மாதங்களில் உழவர் வட்டிக்கடனை எண்ணிக் கலங்குவர். அதற்கடுத்த ஆண்டு சிலர் நடுவதைக் குறைப்பர். விலை மீண்டும் ஏறும். நவம்பரில் பஞ்சாபிலிருந்து விதைக்கிழங்கு மூட்டைகள் ஹூக்ளிக்கு வந்து இறங்கும்போது, எவ்வளவு நடலாம் என்று ஒவ்வோர் உழவரும் தனித்தனியே கணக்கிடுவர். அண்டை வயல்காரர் என்ன முடிவு செய்வார் என்பதும், டிசம்பரில் வங்கக் கடல் என்ன செய்யும் என்பதும் அக்கணக்கில் எழுதப்படாத இரண்டு எண்கள்.